துண்டுச் சீட்டும் இகாமாவும்: வளைகுடா விசா விதிகள் வந்த வழி

"சவூதிக்கு விசா வந்துடுச்சு" என்று யாராவது சொன்னால், தாராபுரம் பக்கம் நாம் கேட்கும் கேள்விகள் இரண்டுதான். சம்பளம் எவ்வளவு? ஏஜென்ட்டுக்கு எவ்வளவு கட்டினீங்க? மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு. அதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. அந்த விசா யாருடைய பெயரில் வந்திருக்கிறது?

போகிறவரின் பெயரில்தானே வரும் என்று நினைக்கலாம். போகிறவர் பெயர் அதில் இருக்கும். கூடவே இன்னொருவர் பெயரும் இருக்கும். அந்த இன்னொருவர்தான் முக்கியம். அங்கே எத்தனை நாள் தங்கலாம், வேறு வேலைக்கு மாறலாமா, ஊருக்கு எப்போது திரும்பலாம் என்பதெல்லாம் பல ஆண்டுகளாக அவர் கையில்தான் இருந்தது. இன்றும் ஓரளவு அவர் கையில்தான் இருக்கிறது.

2015ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, தமிழகத்தைச் சேர்ந்த சுமார் 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் பெரும் பகுதியினர் வளைகுடா நாடுகளில் இருப்பவர்கள். கொங்குப் பகுதியில் வேலை என்றால் முதலில் திருப்பூர் பனியன் கம்பெனிகள்தான் நினைவுக்கு வரும். இராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கம் தலைமுறையாக வளைகுடாவுக்குப் போய் வரும் ஊர்கள் பல உண்டு. அப்படிப்பட்ட ஊர்கள் நம் பக்கம் குறைவு. ஆகவே விதிகளைச் சொல்லித்தர அனுபவப்பட்ட மாமாவோ சித்தப்பாவோ இல்லாமல்தான் இங்கிருந்து பலர் கிளம்புகிறார்கள். இந்த விதிகள் எங்கிருந்து வந்தன, எப்படி மாறின என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

கஃபாலா என்றால் என்ன?

கஃபாலா என்பது அரபுச் சொல். பொறுப்பேற்றல், பிணை நிற்றல் என்று பொருள். நம் ஊர் வழக்கில் ஜாமீன் என்று சொல்லலாம். பொறுப்பேற்பவர் கஃபீல். ஆங்கில வழக்கில் அவர்தான் ஸ்பான்சர்.

வளைகுடா நாடு ஒன்றுக்கு ஒரு கொத்தனார் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்நாட்டு முதலாளி ஒருவர் அல்லது ஒரு கம்பெனி அரசிடம் விண்ணப்பித்து அவருக்கு விசா வாங்குகிறது. கொத்தனார் போய் இறங்கியதும் மருத்துவப் பரிசோதனை, கைரேகை எல்லாம் முடிந்து வசிப்பு அட்டை கிடைக்கும். சவூதியில் அதன் பெயர் இகாமா. அதில் கஃபீலின் பெயரும் எண்ணும் இணைக்கப்பட்டிருக்கும். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், வேலை செய்யும் அனுமதியும் நாட்டில் தங்கும் அனுமதியும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருப்பதுதான். வேலை போனால் தங்கும் உரிமையும் போய்விடும்.

பழைய முறையில் இந்த முடிச்சுக்கு நான்கு இழைகள் இருந்தன.

1. வேறு முதலாளியிடம் போக வேண்டுமானால் பழைய முதலாளி 'ஆட்சேபனை இல்லை' என்று எழுதித்தர வேண்டும். இதைத்தான் என்.ஓ.சி. என்பார்கள்.

2. சவூதி, கத்தார் போன்ற நாடுகளில் ஊருக்குத் திரும்பவும் முதலாளியின் சம்மதம் வேண்டும். இதுதான் எக்ஸிட் பெர்மிட்.

3. இகாமாவைப் புதுப்பிக்க வேண்டியவரும் முதலாளிதான். அவர் கட்டணம் கட்டாமல் விட்டாலும் சட்டப்படி பிடிபடுவது தொழிலாளிதான்.

4. தொழிலாளி ஓடிப்போய்விட்டார் என்று முதலாளி புகார் கொடுத்தால் போதும், அவர் சட்டவிரோதமாகத் தங்கியவர் ஆகிவிடுவார். சவூதியில் இதற்கு 'ஹுரூப்' என்று பெயர். இப்படி வெளியே நின்று வேலை பார்ப்பவர்களைத்தான் வளைகுடாத் தமிழர்கள் 'கல்லிவல்லி' என்று சொல்வார்கள்.

இத்தோடு பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது என்ற பழக்கமும் உண்டு. எந்த நாட்டுச் சட்டமும் இதைச் செய்யச் சொல்லவில்லை, சில நாடுகளில் தடையே இருக்கிறது. ஆனாலும் நடந்து வந்தது.

தமிழருக்கு இது புதிதா?

இதைப் படிக்கும்போது ஏதோ அரபு நாட்டுக்கே உரிய வழக்கம் என்று தோன்றும். ஆனால் நம் முன்னோர்களுக்கு இதே போன்ற ஒரு காகிதம் நன்றாகத் தெரியும். அதன் பெயர் 'துண்டு'.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்த காலம் அது. பயணச் செலவு, சாப்பாடு, முன்பணம் எல்லாம் தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறும். ஒரு கூட்டம் வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால், பழைய தோட்டத்துத் துரை ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். 'இவர்களுடைய கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன்' என்பதுதான் அதன் சாரம். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டும். கட்டிய தொகை தொழிலாளியின் தலையில் மறுபடியும் ஏறும். ஆள் மாறுவான், தோட்டம் மாறும், கடன் மட்டும் மாறாது. துண்டு இல்லாமல் வந்தவனை அடுத்த தோட்டம் சேர்த்துக்கொள்ளாது.

இத்துடன் 1900களின் தொடக்கத்தில் தகர டிக்கெட் முறையும் வந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று எண் பொறித்த ஒரு தகரத் துண்டு தொழிலாளியிடம் கொடுக்கப்படும். இகாமாவின் தாத்தா என்று இதைச் சொன்னால் தவறில்லை. துண்டு முறை 1921ஆம் ஆண்டு சட்டம் போட்டு ஒழிக்கப்பட்டது.

கடல் கடக்காமலே இந்த நிலை இருந்தது. நம் உடுமலைக்கும் பொள்ளாச்சிக்கும் அப்பால் ஆனைமலையில் வால்பாறைத் தோட்டங்கள் 1890களின் இறுதியிலிருந்து உருவாயின. சமவெளியிலிருந்து மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்து ஆட்களை மலையேற்றினார்கள். முன்பணம் வாங்கியவன் வேலையை விட்டுப் போனால் அது கடன் தகராறு மட்டுமல்ல, குற்றம்! 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம் அப்படித்தான் சொன்னது. சென்னை மாகாணத் தோட்டங்களுக்கென்று 1903இல் தனிச்சட்டமும் வந்தது. இவை 1920களில்தான் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. முதலாளியை விட்டுப் போவதைக் குற்றமாக்கிய அந்த எண்ணம்தான் பிற்காலத்தில் 'ஹுரூப்' புகாரிலும் தெரிகிறது.

வளைகுடாவில் ஆங்கிலேயர்

இங்கே ஒரு கேள்வி எழும். இலங்கைத் தோட்டத்துக்கும் அரபு நாட்டுக்கும் என்ன தொடர்பு? இரண்டு இடத்திலும் ஆங்கிலேய ஆதிக்கம் இருந்தது என்பதுதான் தொடர்பு.

எண்ணெய் கிடைப்பதற்கு முன் வளைகுடாவின் முக்கியத் தொழில் முத்துக்குளித்தல். நம் தூத்துக்குடிக் கதைதான். குளிப்பவர்கள் படகுத் தலைவனிடம் முன்பணம் வாங்குவார்கள். அந்தத் தலைவனை 'நகுதா' என்பார்கள். வேறு நகுதாவின் படகுக்குப் போக வேண்டுமானால் பழைய நகுதா கடன் கணக்கை எழுதித்தர வேண்டும். அந்தச் சீட்டின் பெயர் 'பர்வா'. துண்டும் பர்வாவும் இரட்டைப் பிள்ளைகள் போல் இருக்கின்றன.

பஹ்ரைன், குவைத், கத்தார், இன்றைய அமீரகம் ஆகிய பகுதிகளின் வெளியுறவைப் பல பத்தாண்டுகள் பார்த்துக்கொண்டது பிரிட்டிஷ் இந்திய அரசு. 1947 வரை அங்கிருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் இந்திய அரசின் கீழ் வேலை பார்த்தவர்கள். அங்கு புழங்கியதும் நம் ரூபாய்தான். 1959இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு வெளியிட்டது. 1966இல் ரூபாய் மதிப்புக் குறைக்கப்பட்ட பிறகுதான் கத்தாரும் அமீரகப் பகுதிகளும் அதைக் கைவிட்டன.

பஹ்ரைனில் 1920களில் முத்துக்குளிக்க வெளியூர் ஆட்கள் வந்தபோது, அவர்களுக்கு உள்ளூரில் ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை ஆங்கிலேய நிர்வாகம் வளர்த்தது என்று உமர் அல்ஷெஹாபி என்ற ஆய்வாளர் 2019இல் எழுதிய கட்டுரையில் வாதிடுகிறார். கஃபாலா என்பது பாலைவனப் பழங்குடிகளின் விருந்தோம்பலிலிருந்து வந்தது என்று பரவலாகச் சொல்லப்படுவதை அவர் ஏற்கவில்லை. குறைந்த செலவில் வெளியாட்களைக் கண்காணிக்க நிர்வாகம் கண்டுபிடித்த வழி என்பது அவர் கருத்து. யோசித்துப் பார்த்தால் இதில் நியாயம் இருக்கிறது. போலீஸ்காரர்களை வைத்துக் கண்காணித்தால் அரசுக்குச் செலவு. முதலாளியையே காவல்காரனாக்கிவிட்டால் செலவே இல்லை.

1932இல் பஹ்ரைனில் எண்ணெய் கிடைத்தது. 1938இல் சவூதியிலும் குவைத்திலும் கிடைத்தது. எண்ணெய் நிறுவனங்கள் குமாஸ்தா முதல் ஃபிட்டர் வரை இந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டு சென்றன.

சட்டமான ஆண்டுகள்

சவூதி அரேபியா 1952இல் வெளிநாட்டவர் வசிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. குவைத் 1959இல் கொண்டுவந்தது. அப்போது குவைத் இன்னும் பிரிட்டிஷ் பாதுகாப்பில்தான் இருந்தது. விடுதலை 1961இல் வந்தது. 1971இல் உருவான ஐக்கிய அரபு அமீரகம் 1973இல் தன் குடிவரவுச் சட்டத்தை இயற்றியது.

அதே 1973 அக்டோபரில் அரபு இஸ்ரேல் போர் மூண்டது. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. சாலை, துறைமுகம், ஆஸ்பத்திரி, அரண்மனை என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கட்டத் தொடங்கினார்கள். சொந்த மக்கள்தொகையோ குறைவு. லட்சக்கணக்கில் ஆட்கள் வேண்டும், ஆனால் அவர்கள் குடிமக்களாகிவிடக் கூடாது. கஃபாலா இந்தத் தேவைக்கு அச்சாகப் பொருந்தியது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் அட்டை, கஃபீலின் பெயர், வேலை முடிந்தால் விமானம். முப்பது ஆண்டு வேலை பார்த்தாலும் நிரந்தரக் குடியுரிமை கிடைக்காது.

இதில் ஒரு வியாபாரமும் முளைத்தது. கஃபீல் தன் பெயரில் விசா எடுத்து விற்றுவிடுவார். வாங்கியவர் வெளியே எங்காவது வேலை தேடிக்கொண்டு மாதாமாதமோ ஆண்டுக்கொருமுறையோ கஃபீலுக்குப் பணம் கட்டுவார். இதன் பெயர் 'ஃப்ரீ விசா'. பெயரில்தான் ஃப்ரீ இருக்கிறது! இது எந்த நாட்டிலும் சட்டப்படியான விசா வகை இல்லை. அட்டையில் உள்ள முதலாளியிடம் அல்லாமல் வேறிடத்தில் வேலை பார்த்துப் பிடிபட்டால் அபராதமும் வெளியேற்றமும் தொழிலாளிக்குத்தான்.

இந்தியா என்ன செய்தது?

எண்ணெய்ப் பணம் கொட்டிய 1970களில் இந்தியாவின் கையில் இருந்தது 1922ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம். இலங்கை, மலேயா தோட்டக்கூலிகளை மனதில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அது. வளைகுடாவுக்குப் போகும் கூட்டத்துக்கு அது போதவில்லை. போலி ஏஜென்ட்டுகள் பெருகினார்கள். தமிழக அரசு 1978இல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கியது. 1983இல் மத்திய அரசு புதிய குடிபெயர்வுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆள் சேர்க்கும் ஏஜென்ட்டுகள் பதிவு செய்ய வேண்டும், படிப்புக் குறைந்தவர்கள் கிளம்பும் முன் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியிடம் அனுமதி பெற வேண்டும் என்பவை அதன் முக்கிய விதிகள்.

பாஸ்போர்ட்டில் 'ஈ.சி.ஆர்.' என்று இருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். குடிபெயர்வு அனுமதி தேவை என்பது அதன் பொருள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதவர்கள் பெரும்பாலும் இந்தப் பிரிவில் வருவார்கள். ஆறு வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்களுக்கு இந்த அனுமதி வேண்டும். ஒப்பந்தத்தை அரசு பார்க்கும். 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் கட்டாயம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்கான 18 சதவீத வரியும் என்று உச்சவரம்பு உண்டு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறியவருக்கு அனுமதி தேவையில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவருடைய ஒப்பந்தத்தை இங்கே யாரும் பார்ப்பதும் இல்லை! நம் பக்கம் பத்தாவது தேறாத இளைஞர்கள் இப்போது குறைவு. அதாவது இன்று தாராபுரத்திலிருந்து போகும் பலர் இந்தப் பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே நிற்பவர்கள்தான். படிப்பு இருந்தால் தன்னைத் தானே காத்துக்கொள்வார் என்று சட்டம் நம்புகிறது. அரபியில் எழுதிய ஒப்பந்தத்தின் முன்னால் பத்தாவதும் பி.ஏ.வும் ஒன்றுதான்.

குவைத் 1990

ஒரே மனிதரின் பெயரில் ஒருவரது வாழ்க்கை தொங்கினால் என்ன ஆகும் என்பதை 1990 ஆகஸ்ட் 2 காட்டியது. ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. அரச குடும்பம் சவூதிக்குப் போனது, குவைத்தியர்களில் பெரும் எண்ணிக்கையினர் நாட்டைவிட்டு வெளியேறினர். விசாவுக்குப் பொறுப்பேற்ற கஃபீல் இல்லை, சம்பளம் இல்லை, வங்கியும் இல்லை. இந்தியர்கள் பெருங்கூட்டமாகப் பாக்தாத் வழியாக ஜோர்டான் தலைநகர் அம்மானுக்குச் சாலை வழியே வந்தார்கள். ஏர் இந்தியா 59 நாட்களில் 488 முறை பறந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரைக் கொண்டுவந்தது. உயிர் தப்பினார்கள். உழைத்துச் சேர்த்ததை விட்டுவிட்டு வந்தார்கள். போர் முடிந்து திரும்பிப் போனவர்களுக்கும் மறுபடி புதிய விசா, புதிய கஃபீல் என்று முதலிலிருந்துதான் தொடக்கம்.

முடிச்சு தளர்ந்த விதம்

கஃபாலாவை ஒரே நாளில் யாரும் ஒழிக்கவில்லை. ஒவ்வோர் இழையாகத்தான் அறுந்தது. முதலில் வந்தவை பொதுமன்னிப்புகள். அமீரகம் 1996, 2003, 2007, 2012, 2018, 2024 என்று பலமுறை அறிவித்தது. சவூதி, உள்நாட்டவருக்கு வேலை ஒதுக்கும் 'நிதாகத்' திட்டத்தை 2011இல் கொண்டுவந்து, 2013இல் காலக்கெடு வைத்துப் பொதுமன்னிப்பு கொடுத்தது. பொதுமன்னிப்பு என்பது அபராதம் இல்லாமல் வீடு திரும்ப அல்லது ஆவணத்தைச் சரிசெய்ய ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். விதி மாறாததால் சில ஆண்டுகளில் மறுபடியும் கல்லிவல்லிகள் சேர்ந்துவிடுவார்கள். திரும்பத் திரும்ப மன்னிக்க வேண்டியிருக்கிறது என்றால் தவறு மன்னிக்கப்படுபவரிடம் மட்டும் இல்லை என்றுதானே பொருள்?

விதியை மாற்றும் முயற்சியில் முந்திக்கொண்டது பஹ்ரைன். 2009இல் முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேலை மாறலாம் என்றது. 2011இல் கொஞ்சம் பின்வாங்கி, ஓராண்டு வேலை பார்த்த பிறகுதான் என்று திருத்தியது.

பெரிய மாற்றம் கத்தாரில். 2022 உலகக்கோப்பைக் கால்பந்து உரிமை 2010இல் கிடைத்ததும் உலகத்தின் கண் அங்கே திரும்பியது. 2014இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் கத்தாருக்கு எதிராகப் புகார் கொடுக்கப்பட்டது. 2017இல் சீர்திருத்தம் செய்வதாகக் கத்தார் ஒப்புக்கொண்டது. 2018இல் பெரும்பாலான தொழிலாளர்களுக்கும், 2020 ஜனவரியில் வீட்டுப் பணியாளர்களுக்கும் எக்ஸிட் பெர்மிட் நீக்கப்பட்டது. 2020லேயே என்.ஓ.சி.யும் நீக்கப்பட்டது. 2021 மார்ச் முதல் மாதம் 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியம் நடைமுறைக்கு வந்தது. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்தால் 25,000 ரியால் வரை அபராதம் என்று 2015ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது.

ஓமான் 2021 ஜனவரியில் என்.ஓ.சி.யைக் கைவிட்டது. சவூதி 2021 மார்ச் 14 முதல், ஓராண்டு முடித்த தொழிலாளி முதலாளியின் சம்மதமின்றி வேலை மாறலாம், ஊருக்குப் போய் வர இணையத்தில் தானே விண்ணப்பிக்கலாம் என்றது. ஆனால் வீட்டு வேலைக்காரர்கள், வீட்டு டிரைவர்கள், தோட்டக்காரர்கள், ஆடு ஒட்டகம் மேய்ப்பவர்கள் இதில் சேர்க்கப்படவில்லை. அமீரகத்தின் புதிய தொழிலாளர் சட்டம் 2022 பிப்ரவரியில் வந்தது. குவைத் தன் 1959ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரியில் புதிய வசிப்புச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. விசா விற்பதற்குச் சிறைத் தண்டனை என்று அது சொல்கிறது.

ஆக, வேலை மாறும் இழையும் ஊர் திரும்பும் இழையும் பெரும்பாலும் தளர்ந்துவிட்டன. மற்ற இரண்டும் இன்னும் இருக்கின்றன. வசிப்பு அட்டையைப் புதுப்பிப்பது முதலாளிதான். ஓடிப்போனதாகப் புகார் கொடுக்கும் அதிகாரமும் அவரிடம்தான். கதவுக்குள் தனியாக வேலை பார்க்கும் வீட்டுப் பணிப்பெண்ணுக்கும், பாலைவனத்தில் தனியாக நிற்கும் மேய்ப்பனுக்கும் மாற்றம் கடைசியாகத்தான் போய்ச் சேருகிறது.

முடிவுரை

இந்த வரலாற்றில் நான் கவனித்தது இதுதான். துண்டு, பர்வா, என்.ஓ.சி. மூன்றும் வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு மொழியில் எழுதப்பட்டவை. மூன்றிலும் உழைப்பவர் போகலாமா என்பதை உழைப்பை வாங்குபவரே முடிவு செய்கிறார். இதைச் செய்ய அரேபியராக இருக்க வேண்டியதில்லை, ஆங்கிலேயராக இருக்க வேண்டியதும் இல்லை. நம் கோவை, திருப்பூர், திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் மூன்றாண்டு முடித்தால்தான் மொத்தப் பணம் என்று இளம்பெண்களைச் சேர்த்த சுமங்கலித் திட்டத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். அங்கே பிடித்து வைத்தது பாஸ்போர்ட்டை அல்ல, சம்பளத்தை. கட்டும் கயிறு வேறு, முடிச்சு ஒன்றுதான். துண்டை ஒழிக்க முடிந்தது போல இதையும் அவிழ்க்க முடியும் என்பதற்கு 2009க்குப் பிறகு நடந்த மாற்றங்களே சாட்சி.

அதுவரை, விசா வந்துவிட்டது என்று சொல்பவரிடம் நாம் அந்த மூன்றாவது கேள்வியையும் கேட்போம். கஃபீலின் பெயர் என்ன? நீங்கள் வேலை பார்க்கப் போகும் கம்பெனியும் அந்தப் பெயரும் ஒன்றா? விசாவில் போட்டிருக்கும் வேலைதான் ஒப்பந்தத்திலும் இருக்கிறதா? ஏஜென்ட்டின் பதிவு எண் வெளியுறவுத் துறையின் ஈ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா? ஒப்பந்தம், விசா, பாஸ்போர்ட் மூன்றுக்கும் நகல் எடுத்து வீட்டில் வைத்துவிட்டீர்களா? இதற்கெல்லாம் பதில் தெரியாமல் நகையை அடகு வைத்துப் பணம் கட்ட வேண்டாம். கோயம்புத்தூரில் விமானம் ஏறிய பிறகு இதைக் கேட்டுப் பயனில்லை.